சொத்தைக் கார்களின் சந்தை: ஒரு திறனாய்வு

அரிசியில் கல் பொறுக்குவதைப் பற்றிப் பொருளியல் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றில் படிக்க நேரும் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். ஆயினும் உலகப் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில் அது இடம்பெற்றிருக்கிறது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டது அது. கடைத்தெருவில் வாங்கிய அரிசியில், அரிசியின் நிறமும் வடிவமும் உள்ள கற்கள் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருப்பதால், இந்திய இல்லத்தரசி அவற்றைக் கவனமாகப் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது என்று அதில் அவர் குறிப்பிடுகிறார். 1967-68-இல் ஏறத்தாழ ஓராண்டு இந்தியாவில் தங்கியிருந்தவர் அவர்.

கட்டுரையின் முதன்மையான எடுத்துக்காட்டு அரிசி அன்று, பழைய கார். வாங்கிய பின் ஓயாது தொல்லை கொடுக்கும் காரை அமெரிக்கர்கள் பேச்சு வழக்கில் 'எலுமிச்சை' என்பார்கள். நாம் 'சொத்தை' என்போம். கத்தரிக்காயாவது நறுக்கியவுடன் தன் குணத்தைக் காட்டிவிடும். கார் காட்டுவதற்குச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் பணம் கைமாறிவிடும்.

இந்தக் கட்டுரையை இங்கே புகழ்ந்துவிட்டு நகர்வது நம் நோக்கமன்று. ஒரு கோட்பாடு நல்லதா என்று அறிய அதை ஒரு நேரான சோதனைக்கு உட்படுத்த வேண்டும். சேமித்த பணத்தோடு பழைய கார் ஒன்றின் முன் நிற்கும் மனிதருக்கு இக்கட்டுரை எந்த அளவு உதவும்? இதுவே நம் கேள்வி. சோதனைக்கு எளிய காரை எடுத்துக்கொண்டால் விடையும் எளிதாகவே இருக்கும். ஆகவே மிகவும் சிக்கலான ஒன்றை எடுத்துக்கொள்வோம்: மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் செய்த, கூரை திறந்து மூடும், இரண்டே இருக்கைகள் கொண்ட விரைவுக் கார், எஸ்.எல். 55 ஏ.எம்.ஜி.

கட்டுரை கூறுவது என்ன?

முதலில் அக்கர்லாஃபின் வாதத்தைச் சுருக்கமாகக் காண்போம். ஒரே வகையைச் சேர்ந்த பழைய கார்கள் சந்தைக்கு வருகின்றன. அவற்றுள் பாதி நல்லவை; பாதி சொத்தை. நல்லது 30,000 யூரோ பெறும். சொத்தை 10,000 யூரோ பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது எந்த வகை என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் சராசரியாக 20,000 யூரோ தரத் துணிவார். நல்ல காரின் உரிமையாளர் இதைக் கேட்டவுடன் விற்பதில்லை என்று முடிவு செய்து காரை வீட்டுக்கு ஓட்டிச் சென்றுவிடுவார். சந்தையில் எஞ்சுபவை சொத்தைகளே. வாங்குபவரும் இதை ஊகித்து விலையை இன்னும் குறைப்பார். இப்படியே தரம் விலையை இழுக்க, விலை தரத்தை இழுக்க, இறுதியில் நல்ல பொருள் சந்தையில் கிடைக்காமலே போகலாம்.

யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை என்பதே இதில் வியப்புக்குரியது. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது என்ற ஒரே நிலை போதும். இதற்கு மாற்றாக உத்தரவாதம், நற்பெயர் பெற்ற வணிகப் பெயர், தகுதிச் சான்று ஆகியவை எப்படித் தோன்றுகின்றன என்பதையும் கட்டுரை விளக்குகிறது.

பதின்மூன்றே பக்கங்கள் கொண்ட இக்கட்டுரையை மூன்று ஆராய்ச்சி இதழ்கள் திருப்பி அனுப்பின. இரண்டு இதழ்கள் இது அற்பமான செய்தி என்றன. மூன்றாவது இதழோ, இது உண்மையானால் பொருளியலே வேறாகிவிடும் என்ற கருத்தைத் தெரிவித்தது! நான்காவது இதழ் ஏற்று வெளியிட்டது. 2001-ஆம் ஆண்டில் அக்கர்லாஃபுக்கு மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் சேர்த்துப் பொருளியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நாம் சோதனைக்கு எடுத்துக்கொண்ட கார் அறிமுகமானதும் அதே 2001-இல்தான்.

சோதனைக்கு வந்த வண்டி

எஸ்.எல். 55-இன் எஞ்சினில் எட்டு சிலிண்டர்கள். மொத்தக் கொள்ளளவு 5,439 கன சென்டிமீட்டர். சிலிண்டர்களுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் சூப்பர்சார்ஜர் ஒன்றும் உண்டு. தொடக்கத்தில் 476 குதிரைத் திறன். பிந்தைய ஆண்டுகளில் 500-க்கும் மேல். வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரோடு நிற்குமாறு மின்னணுக் கட்டுப்பாடு. புதிதாக விற்றபோது அமெரிக்காவில் இதன் விலை ஒரு லட்சம் டாலருக்கும் அதிகம். 2008 வரை இம்மாதிரி விற்பனையில் இருந்தது. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கைமாறிய நிலையில் அந்த விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கிறது. நடுத்தர வருவாய் உள்ளவரும் ஆசைப்படத்தக்க விலை. ஆபத்து தொடங்குவதும் இங்கேதான்.

இனி இதன் உள்ளே உள்ள பௌதிகத்தைப் பார்ப்போம். காரைத் தெரிந்துகொள்ளாமல் கோட்பாட்டை எடைபோட முடியாது.

கூரையை எடுத்தால் என்ன ஆகும்?

ஓர் அஞ்சலட்டையைக் குழலாகச் சுருட்டி, ஓரங்களை நீளவாக்கில் பசைத்தாளால் ஒட்டுங்கள். இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுங்காது. இப்போது ஒட்டைப் பிரித்துவிட்டு முறுக்குங்கள்; குழல் துவண்டுவிடும். அட்டை அதேதான், பிளவு ஒன்றே வேறுபாடு. மெல்லிய குழலின் ஆரம் அதன் சுவர்த் தடிப்பைப் போல் பத்து மடங்கு என்றால், மூடிய குழல் பிளந்த குழலைக் காட்டிலும் 300 மடங்கு முறுக்குறுதி உடையது என்று கணக்கிடலாம்.

கூரையுள்ள காரின் உடல் ஏறத்தாழ மூடிய குழல். கூரையை நீக்கினால் பிளந்த குழலின் தன்மை வந்துவிடுகிறது. அதை ஈடுசெய்ய அடித்தளத்தையும் பக்கங்களையும் தடித்த எஃகால் வலுப்படுத்த வேண்டும். எஸ்.எல். 55 வகையில் உலோகக் கூரையே மடிந்து பின்பெட்டிக்குள் செல்கிறது. 16 விநாடிகளில் இவ்வேலை முடிகிறது. இதற்கென எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பல சிலிண்டர்கள், பம்ப், குழாய்கள், உணர்விகள் எல்லாம் உண்டு. இவற்றால் இரண்டு பேர் மட்டும் அமரும் கார் 1,900 கிலோகிராமுக்கு மேல் எடை பெற்றுவிட்டது.

எடை கூடினால் அதை அடக்கும் வேலையும் கூடும். இரண்டு டன் எடை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 0.77 மெகாஜூல். மணிக்கு 250 கிலோமீட்டரில் அது 4.8 மெகாஜூலாகிறது. வேகம் இரண்டரை மடங்கு. ஆற்றலோ ஆறேகால் மடங்கு. அறை வெப்பநிலையில் உள்ள 16 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. காரை நிறுத்தும்போது இவ்வளவையும் முதன்மையாக நான்கு சக்கரங்களின் பிரேக்குகளே ஏற்க வேண்டும்.

இருநூறு பார் அழுத்தம்

வளைவில் திரும்பும்போது கார் வெளிப்பக்கம் சாய்வதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். சாதாரணக் கார்களில் இதைக் குறைக்க ஓர் எஃகுத் தண்டு போதும். எஸ்.எல். 55-இல் அதற்குப் பதிலாக ஒவ்வொரு சக்கரத்தின் சுருள்வில்லோடும் எண்ணெய் அழுத்தச் சிலிண்டர் ஒன்று இணைக்கப்பட்டுள்ளது. உணர்விகள் உடலின் அசைவை அளக்கின்றன, கணினி கணக்கிடுகிறது, வால்வுகள் திறந்து எண்ணெயைச் செலுத்தி அந்தந்த மூலையை உயர்த்துகின்றன அல்லது தாழ்த்துகின்றன. ஏ.பி.சி. எனப்படும் இவ்வமைப்பு 1999-இலேயே அந்நிறுவனத்தின் வேறொரு காரில் வந்துவிட்டது.

இதற்கு வேண்டிய எண்ணெய் அழுத்தம் சுமார் 200 பார். கடலில் 2,000 மீட்டர் ஆழத்தில் நிலவும் அழுத்தம் இது. இந்த அழுத்தத்தை ரப்பர் வளையங்களும், நைட்ரஜன் வாயு அடைத்த உருண்டைகளின் மென்படலங்களும், குழாய்களும் ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும். எஃகு மெல்லத் தேயும். ரப்பரோ, கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மூப்படையும். மென்படலம் கிழிந்தால் அழுத்த அதிர்வுகளை ஏற்றுக்கொள்ள ஆளில்லை. அவை குழாய்களைத் தாக்கி ஒரு நாள் வெடிக்கச் செய்யும். வால்வுகளில் கசிவு இருந்தால், இரவில் நிமிர்ந்து நின்ற கார் காலையில் ஒரு பக்கம் தாழ்ந்து கிடக்கும்.

காலுக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரு கணினி

பிரேக்கும் புதுமையானதே. மிதியை அழுத்தினால் அந்த அழுத்தம் நேரே சக்கரத்துக்குப் போகாது. மிதியின் அசைவை உணர்விகள் கணினிக்குச் சொல்ல, முன்பே அழுத்தி வைத்த திரவத்தைக் கணினி ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே அளந்து அனுப்பும். முடுக்கு மிதியிலிருந்து கால் சட்டென விலகினாலே பிரேக் கட்டைகள் தட்டை நெருங்கித் தயாராக நிற்கும். மழையில் தட்டிலுள்ள ஈரத்தைத் துடைத்துக்கொள்ளும். அமைப்பு பழுதானால், மிதியிலிருந்து முன் சக்கரங்களுக்கு மட்டும் பழைய முறையில் திரவ வழி திறக்கும். அப்போது மிதி ஆழமாக இறங்கும். அதிக பலத்தோடு அழுத்த வேண்டும்.

இதன் வரலாறு மாணவர்கள் அறியத்தக்கது. 2004-இல் இவ்வமைப்பின் பொருட்டு சுமார் 6,80,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2005-இல் சுமார் 13 லட்சம் கார்கள் அழைக்கப்பட்டதற்கும் இது ஒரு காரணம். அதே அமைப்பைக் கொண்டிருந்த இ-வகைக் கார்களில் 2006-இல் நிறுவனமே அதைக் கைவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பியது. அமெரிக்காவில் பின்னாளில் இப்பகுதிக்கான உத்தரவாதக் காலம் 25 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. உத்தரவாதமே சந்தையைக் காக்கும் என்று அக்கர்லாஃப் கூறியதற்கு இது நல்ல சான்று.

கோட்பாடு எங்கே தடுமாறுகிறது?

இனி நம் சோதனையின் முடிவுகளுக்கு வருவோம். மூன்று குறைகளைச் சுட்டிக்காட்டலாம்.

முதல் குறை: விற்பவருக்குத் தெரியும் என்ற அனுமானம். எஸ்.எல். 55-இன் உரிமையாளர் எந்த மென்படலம் எப்போது கிழியும் என்று எப்படி அறிவார்? அவர் நேர்மையாக "கார் நன்றாக ஓடுகிறது" என்று கூறலாம்; அன்று அது உண்மையாகவும் இருக்கலாம். மிதி எத்தனை முறை அழுத்தப்பட்டது என்பதை அவர் எண்ணியதில்லை. பிரேக் அமைப்பின் கணினி எண்ணி வைத்திருக்கிறது. குறிப்பிட்ட எண்ணிக்கை வந்ததும் பணிமனைக்குச் செல் என்று எச்சரிக்கவும் செய்கிறது. ஆக, இங்கே அறிந்தவர் விற்பவருமல்லர், வாங்குபவருமல்லர், இயந்திரம். அதன் நினைவைப் படிக்கும் கருவி யாரிடம் இருக்கிறதோ, அவருக்கே அறிவு. 1970-இல் கார்களுக்குள் கணினி இல்லை. இக்குறைக்கு ஆசிரியரைப் பழிப்பது நியாயமன்று. ஆனால் இன்று படிக்கும் நாம் இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இரண்டாவது குறை: சந்தை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. எரிக் பாண்ட் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் பழைய சரக்கு வண்டிகளை ஆராய்ந்து 1982-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அகவையும் ஓடிய தூரமும் ஒத்த வண்டிகளை ஒப்பிட்டபோது, கைமாறிய வண்டிகள் முதல் உரிமையாளரிடமே இருந்த வண்டிகளைவிட அதிகப் பழுதுபார்ப்பைக் கேட்கவில்லை என்று கண்டார். அதாவது அச்சந்தையில் கோட்பாடு கூறிய சீரழிவு தென்படவில்லை. வாங்குபவர்கள் சோதித்து வாங்கும் வழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள் என்பது இதற்குப் பொருத்தமான விளக்கமாகும். சரக்கு வண்டி எளிமையானது. அதன் பழுது கண்ணுக்கும் காதுக்கும் எட்டும். எஸ்.எல். 55 வகையில் அது அவ்வளவு எளிதன்று. ஆகவே கோட்பாட்டின் பலம் பொருளின் சிக்கலைப் பொறுத்தது என்று சொல்லலாம். இந்த வரையறையைக் கட்டுரை போதிய அளவு வலியுறுத்தவில்லை.

மூன்றாவதே முக்கியமானது. இக்காரின் விலை ஏன் இவ்வளவு விழுந்தது? மறைந்திருக்கும் குறைகளால் என்று கட்டுரையைப் படித்தவர் கூறுவார். எனக்கு அது முழு விடையாகத் தோன்றவில்லை. அதன் பராமரிப்புச் செலவு ஊரறிந்த செய்தி. காரின் விலை ஆண்டுதோறும் விழும்; உதிரிப் பாகங்களின் விலை அப்படி விழுவதில்லை. இருபதாண்டுப் பழைய காருக்கும் அழுத்தப் பம்ப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள எஸ்.எல். 55 கூட, ஒரு லட்சம் டாலர் காருக்கு உரிய செலவையே கேட்கும். ஆகவே குறைந்த விலை என்பது சந்தையின் பொய்யுமன்று, சூழ்ச்சியுமன்று. எதிர்காலச் செலவைக் கழித்துவிட்டு எஞ்சிய உண்மை விலை அது. வாங்குபவர் அதை 'மலிவு' என்று படிப்பதுதான் பிழை.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு காரில் விலையுயர்ந்த பகுதிகள் இருபது இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் அடுத்த ஓராண்டுக்குப் பழுதின்றி இருக்கும் வாய்ப்பு 98 விழுக்காடு என்று வைப்போம். தனித்தனியே பார்த்தால் மிக நல்ல எண். இருபதும் ஒருசேரப் பழுதின்றி இருக்கும் வாய்ப்போ 0.98-ஐ இருபது முறை பெருக்க வேண்டியது. விடை சுமார் 67 விழுக்காடு. அதாவது மூன்றில் ஒரு கார் ஓராண்டுக்குள் பெருஞ்செலவு ஒன்றைக் கொண்டுவரும். இந்தக் கார் எதுவும் சொத்தை அன்று! யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பகுதிகளின் எண்ணிக்கையே இதைச் செய்துவிடுகிறது. அக்கர்லாஃபின் சந்தையில் நல்ல கார், கெட்ட கார் என்ற இரண்டே உண்டு. நம் சந்தையில் நல்ல காரும் வாங்கியவரைக் கடனாளியாக்கும்.

அப்படியானால் என்ன செய்வது?

கட்டுரையும் நம் சோதனையும் சேர்ந்து சில வழிகளைக் காட்டுகின்றன. இத்தகைய காரைப் பார்க்கச் செல்பவர் எஞ்சின் முற்றும் குளிர்ந்த நிலையில், இரவு முழுவதும் நின்ற இடத்திலேயே காரைப் பார்க்க வேண்டும். நான்கு மூலைகளும் சம உயரத்தில் உள்ளனவா என்று அளக்க வேண்டும். முன்கூட்டியே எஞ்சினை ஓட விட்டுக் காரை உயர்த்தி வைக்கும் விற்பனையாளரிடம், ஏன் என்று கேட்கலாம். கூரையை முழுவதுமாகத் திறந்து மூடச் செய்து, பின்பெட்டியின் குழிவுகளில் கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அங்கே தேங்கும் நீர் மின்னணுப் பகுதிகளைக் கெடுத்துவிடும். சூப்பர்சார்ஜர் அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றவிட ஒரு சிறு மின் பம்ப் உண்டு. அது நின்றால் எஞ்சினின் திறன் குறையும். அது ஓடுகிறதா என்பதையும் காண வேண்டும். ஏ.பி.சி. எண்ணெயும் வடிகட்டியும் மாற்றிய பற்றுச்சீட்டுகளைக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு கணினிகளின் நினைவைப் படிக்கச் சொல்ல வேண்டும். அதற்குக் கொடுக்கும் கூலி, தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையே உள்ள பள்ளத்தை நிரப்பும் செலவு.

இவ்வளவும் செய்த பின்னும் மேற்சொன்ன 67 விழுக்காடு மாறாது. ஆகவே விலையைப் போலவே பழுதுபார்ப்புக்கான பணத்தையும் தனியே எடுத்து வைக்க இயலாதவர், இந்தக் காரைத் தெருவில் போகும்போது பார்த்து மகிழ்வதே நலம்.

நம் முடிவு

அக்கர்லாஃபின் கட்டுரை படிக்கத்தக்கது. அதன் வாதம் பள்ளி மாணவருக்கும் விளங்கும். நம்பிக்கை இல்லாத இடத்தில் நல்ல பொருளும் விலைபோகாது என்ற அதன் மையக் கருத்து, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அசையவில்லை. ஆனால் அது வணிகத்தை நோக்கிய அளவு இயந்திரத்தை நோக்கவில்லை. கார் என்பது அதில் நல்லது, கெட்டது என்று முத்திரை குத்திய ஒரு பெட்டி மட்டுமே. பெட்டியைத் திறந்து பார்த்த பிறகு, குற்றத்தில் ஒரு பங்கு சந்தையைத் தாண்டி வரைபட அறைக்கும் போகிறது.

எஸ்.எல். 55-ஐ வடிவமைத்தவர்கள் திறமைசாலிகள் என்பதில் ஐயமில்லை. இரண்டு டன் எடையை வளைவில் சாயாமல் திருப்பினார்கள். 16 விநாடியில் கூரையை மடித்தார்கள். முதல் உரிமையாளருக்கு அவர்கள் அளித்தது அற்புதமான வண்டி. ஆனால் கார் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடுவதில்லை. இருபதாம் ஆண்டில் மூன்றாவது கையில் அதைச் செப்பனிட எவ்வளவு உழைப்பும் பணமும் வேண்டும் என்ற கேள்வியையும் சேர்த்தே ஒரு பொறியியல் படைப்பை மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீட்டில் எஃகுத் தண்டு ஏ.பி.சி.-ஐ வென்றுவிடுகிறது, பழைய பிரேக் புதிய பிரேக்கை வென்றுவிட்டது என்பதை 2006-இல் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

நாளை உங்களில் சிலர் பொறியாளர்கள் ஆவீர்கள். ஒரு பகுதியை வரையும்போது, அதை என்றோ ஒரு நாள் கழற்றப் போகும் மெக்கானிக்கையும், அதற்குப் பணம் கொடுக்கப் போகும் மனிதரையும் நினைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் எதையாவது பழையதாக வாங்குவீர்கள். அரிசியில் கல் பொறுக்க முறமும் வெளிச்சமும் பொறுமையும் போதும். இயந்திரத்தில் கல் பொறுக்கக் கொஞ்சம் பௌதிகமும் வேண்டும்.